நாக்கின் சம்மதம்

அண்ணாமலையார் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலே பிறந்து, அவ்வீதிகளிலேயே நரைத்துப்போன ஒருவனுக்கு, கண்ணைக் கட்டிவிட்டாலும் தான் நிற்கும் இடம் இன்னதென்பதை மூக்கே சொல்லிவிடும். ராஜகோபுரத்தின் எதிரே கற்பூரமும் கதம்பமும். தேரடித் தெருவிலே மாலை நேரத்து வடைச்சட்டியின் எண்ணெய்ப் புகை. திருவூடல் தெருப் பக்கம் திரும்பினால் ஈரச் சாக்கிலே குவித்த மரிக்கொழுந்து. பௌர்ணமி இரவிலே கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டர் நெடுகிலும் ஊதுபத்தி, விபூதி, சுக்குக் காப்பி, லட்சோபலட்சம் ஜனங்களின் வியர்வை. இந்த வரிசையில் சில வருஷங்களாக ஒரு புதிய வாசனையும் வந்து சேர்ந்திருக்கிறது. மாமரமும் இல்லை, மாம்பழக் கூடையும் இல்லை, மாதமோ ஐப்பசி. ஆயினும் முன்னே நடந்துபோகும் இரண்டு இளைஞர்களின் தோளுக்கு மேலாக வெள்ளை மேகம் ஒன்று எழுந்து கலைகிறது. பின்னே வருகிறவனுடைய மூக்கிலே நன்றாய்க் கனிந்த மாம்பழத்தின் மணம் வந்து மோதுகிறது.

அந்த மாம்பழம் எங்கே காய்க்கிறது என்பதை எனக்குக் காட்டியவன், எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஒரு கல்லூரி மாணவன். அவன் அறையின் ஜன்னலோரத்திலே, ஹோமியோபதி வைத்தியர் வீட்டு அலமாரியைப் போல, துளிக்குப்பிகள் அணிவகுத்து நின்றன. பக்கத்திலே கிராமில் நூற்றில் ஒரு பங்கை நிறுத்துக் காட்டும் சிறிய மின்தராசு. அதற்குப் பக்கத்தில் அளவுகள் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம். "கடையில திருட்டுத்தனமா விக்கறதெல்லாம் டூப்ளிகேட், தாத்தா. அதனால வேப் ஜூஸை நானே கலந்துக்கறேன். இது பீடி மாதிரி இல்ல. நெருப்பே கெடையாது, வெறும் ஆவி. எசன்ஸெல்லாம் கேக்குல, ஐஸ்கிரீம்ல போடறதுதானே, அது என்ன பண்ணிடும்?" என்றான். அவனுடைய குரலில் மறைக்கவேண்டும் என்ற கூச்சமோ, குற்றம் செய்கிறோம் என்ற பயமோ இல்லை. ஒரு கைத்தொழிலைக் கற்றுத் தேர்ந்தவனுடைய பெருமிதம்தான் இருந்தது. அவன் கடைசியாகக் கேட்ட கேள்வியே என்னை இதை எழுத வைக்கிறது.

முதலில், மின்சிகரெட்டில் ஊற்றி ஆவியாக்கி இழுக்கும் வேப் திரவத்தைக் கலக்கும் அந்தத் தொழிலுக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன். புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் நிறமற்ற திரவம் ஒன்று. நாம் உதட்டு வெடிப்புக்குத் தடவும் கிளிசரின் மற்றொன்று. முன்னது வாசனையைத் தாங்கும், தொண்டையிலே சிறிது உறைக்கும்; பின்னது லேசான தித்திப்பும் கொழகொழப்பும் உடையது, மேகத்தைத் திரட்டித் தரும். இவ்விரண்டையும் ஒரு விகிதத்திலே சேர்த்து, அதில் செறிந்த எசன்ஸுகளை நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு வரையில் துளித்துளியாக விட்டு, வேண்டியவர்கள் நிகோடினையும் கலந்து, நன்றாகக் குலுக்கி, இருட்டான அலமாரியில் இரண்டு வாரம் வைத்துவிட வேண்டுமாம். "ஊற வைக்கணும், தாத்தா, புதுசுல எசன்ஸ் தனித்தனியாப் பேசும், ஊறினப்புறம் ஒண்ணாப் பேசும்" என்று அவன் சொன்ன வாக்கியத்தை ஒரு சங்கீத ரசிகன் சொல்லியிருந்தால் நாம் பாராட்டியிருப்போம். அன்னாசியின் வாசனையை எத்தில் பியூட்டிரேட்டும், வாழைப்பழத்தின் வாசனையை ஐசோஅமைல் அசிட்டேட்டும், பஞ்சுமிட்டாயின் வாசனையை எத்தில் மால்ட்டாலும் தருகின்றன என்பதை, பரீட்சைக்கு என்று கேட்டால் ஒருவேளை விழித்திருக்கக்கூடிய அந்தப் பையன், தராசின் முன்னே உட்கார்ந்து தங்குதடையின்றிச் சொன்னான்.

இந்த வித்தை நம் நாட்டுக்குப் புதிதன்று. நறுமணப் பொருள்களைக் கூட்டும் கலைக்கு நம் முன்னோர் கந்தயுக்தி என்று பெயரிட்டு, அதனை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தனர். 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராஹமிஹிரர், வானத்துக் கிரகங்களையும் பூமியிலே மழை பெய்யும் குறிகளையும் ஆராய்ந்த தம்முடைய பிருஹத்ஸம்ஹிதையிலே, கந்தயுக்திக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, பதினாறு வாசனைப் பொருள்களிலிருந்து நான்கு நான்காக எடுத்தால் 1,820 கூட்டுகள் பிறக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார். அந்நான்கையும் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு, நான்கு பங்கு என்று அளவை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொகை 43,680 ஆகிவிடுகிறது. மின்தராசு வைத்திருக்கும் எந்த இளைஞனுக்கும் ஓர் ஆயுட்காலத்துக்குப் போதுமான வேலை அது. தமிழிலோ, சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்கும் பொருட்டு மாதவி நீராடிய நீரில் பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருந்தனவாக இளங்கோவடிகள் கணக்குச் சொல்கிறார். ஊறவேண்டும் என்ற சூக்ஷ்மம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள்.

ஊருக்குள்ளேயே இதன் சந்ததி உயிரோடு இருக்கிறது. அபிஷேகத்திற்கு வாங்கும் பன்னீரும் ஜவ்வாதும் புனுகும் சந்தனமும் ஒரே கடையின் ஒரே தட்டில் இருக்க, அதற்குக் கீழ்த்தட்டில் ரோஸ், ஏலக்காய், அன்னாசி, வெனிலா என்று எழுதிய எசன்ஸ் புட்டிகள், கேக் போடுகிறவர்களுக்காகவும், ஐஸ் வியாபாரிகளுக்காகவும், சோடாக் கம்பெனிக்காரர்களுக்காகவும் காத்திருக்கின்றன. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் உரிமை பெற்ற கோலிப் புட்டி நம் ஜில்லாக்களுக்கு வந்து, அதிலே பன்னீர் எசன்ஸ் கலந்து பன்னீர் சோடாவாகி, திருவிழாக் கூட்டத்தின் தாகத்தைத் தணித்தது. 1916-ல் விருதுநகரிலே ஆரம்பித்த காளி மார்க்கைப் போன்ற சுதேசிக் கம்பெனிகள் வெகு சாமர்த்தியமாக எசன்ஸைக் கலந்தே ஊர் ஊராகப் பெயர் பெற்றன. என் பாட்டனாருடைய வெற்றிலைச் செல்லத்திலே இருந்த பன்னீர் புகையிலையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்: காறலும் கசப்புமான ஓர் இலையை வெல்லப் பாகிலும் வாசனையிலும் நனைத்து, வாய்க்கு இதமாக்கி, பழக்கத்தை நிலைநாட்டும் உபாயம். இதை இங்கே சொல்லிவைக்கிறேன். மறுபடியும் இதற்குத் திரும்பவேண்டியிருக்கும்.

இத்தனை தொன்மையான ஒரு கலையின் மேல் எனக்கு விரோதம் இல்லை. என் ஆக்ஷேபம், அந்தக் கலை போய்ச் சேரும் இடத்தைப் பற்றியது. ஒவ்வொரு பொருளுக்கும் நம் தேகத்திலே ஒரு வாசல் உண்டு. ஒரு வாசலின் காவலாளி அனுமதித்துவிட்டான் என்பதற்காக இன்னொரு வாசல் திறந்துவிடாது. கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயரத்து மலையுச்சியில் கொப்பரை கொப்பரையாக நெய்யை வார்த்து ஏற்றி, பதினொரு நாள் எரியவிட்டு, அதிலே திரண்ட மையைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். அதைப் பாலிலே கரைத்துக் குடித்தவரை நான் கண்டதில்லை. ஜவ்வாதைக் கழுத்திலே தடவிக்கொள்கிறவர் அதைக் குழம்பிலே போடுவதில்லை. இந்த விவேகம், எசன்ஸ் புட்டி விஷயத்திலே மட்டும் நம்மைக் கைவிட்டுவிட்டது. நாக்கு சம்மதித்துவிட்டது, வயிறும் சம்மதித்துவிட்டது, ஆகவே நுரையீரலும் சம்மதித்ததாகத்தான் அர்த்தம் என்று அந்தப் பையன் நினைக்கிறான். படித்தவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

2000-ஆம் வருஷத்திலே, அமெரிக்காவின் மிஸௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஜாஸ்பர் என்ற சிற்றூரில், மைக்ரோவேவ் அடுப்பில் பொரிக்கும் மக்காச்சோளப் பொரியைத் தயாரித்து வந்த ஒரு தொழிற்சாலையில் முன்னர் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு, மூச்சுக்குழலின் நுண்ணிய கிளைகள் தழும்பேறி அடைபட்டுப்போகும் மிக அபூர்வமான ஒரு வியாதி கண்டிருப்பது வெளியாயிற்று. அரசாங்கத்தின் தொழிற்சுகாதார நிபுணர்கள் சென்று பரிசோதித்தபோது, புகைபிடித்தே அறியாத தொழிலாளரிடத்தும் மூச்சடைப்பு மிகுந்து காணப்பட்டது. எல்லாரினும் அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்கள், சூடான எண்ணெய்த் தொட்டியிலே வெண்ணெய் எசன்ஸை ஊற்றிக் கலக்கும் வேலையைச் செய்தவர்கள். அந்த எசன்ஸிலே வெண்ணெய் மணத்தைத் தந்த பொருளின் பெயர் டையசிட்டைல். நம் வீட்டு வெண்ணெயிலும் மோரிலும் இயற்கையாகவே உள்ள பொருள்தான் அது. சோற்றோடு பிசைந்து மூன்று தலைமுறையாக உண்டுவந்தாலும் ஒரு தீங்கும் செய்யாது. அதையே சூடாக்கி ஆவியாக்கி நாள்தோறும் சுவாசித்தவர்களிலே சிலர் நுரையீரலையே மாற்றவேண்டிய கதிக்கு வந்தார்கள். உண்டவர் பிழைத்தார், கலந்தவர் நோயுற்றார் என்ற இந்தச் சம்பவத்தைக் காட்டிலும், எசன்ஸ் கலக்கும் ஓர் இளைஞனுக்குச் சொல்லத்தக்க கதை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஏன் இப்படி நேர்கிறது என்றால், வயிற்றிலே அமிலம் இருக்கிறது, அதற்கப்பால் ஈரல் என்ற பெரிய சுத்திகரிப்புச் சாலை இருக்கிறது. உள்ளே வந்ததைப் பிரித்து, உடைத்து, வேண்டாததைத் தள்ளுவதற்கு அவகாசமும் இருக்கிறது. நுரையீரலின் சிற்றறைக்கும் அதன்மேல் ஓடும் இரத்தத்திற்கும் நடுவிலே உள்ள திரையோ, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே கனமுடையது. காற்றைத் தவிர வேறு விருந்தாளியை எதிர்பார்த்துக் கட்டிய வீடன்று அது. 2015-ன் இறுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் வாசனையூட்டிய 51 வேப் திரவங்களைச் சோதித்தபோது, அவற்றில் 39-ல் டையசிட்டைல் இருந்தது. சிகரெட்டுப் புகையிலும் டையசிட்டைல் உண்டு, அதிகமாகவே உண்டு என்று வேப் பிரியர்கள் இதற்கு விடை சொல்லுவார்கள். வாஸ்தவந்தான், ஆனால் சிகரெட்டை நாம் ஆரோக்கியத்துக்கு அளவுகோலாக எப்போது வைத்துக்கொண்டோம்?

2019-ல் அமெரிக்காவில் நிகழ்ந்தது இதைவிடக் கொடிது. வேப் கருவியை உபயோகித்தவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், திடீரென்று மூச்சு முட்டி ஆஸ்பத்திரிகளில் வந்து விழுந்தார்கள். 2020 பிப்ரவரி வரையில் 2,807 பேர் பாதிக்கப்பட்டு 68 பேர் இறந்துபோயினர். கஞ்சாச் சத்துக் கலந்த திரவத்தைக் கெட்டிப்படுத்துவதற்காகக் கள்ளச்சந்தைக்காரர்கள் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெயே பிரதான காரணம் என்று பிறகு தெளிந்தது. அந்த வைட்டமினைத்தான் நாம் மாத்திரையாக விழுங்குகிறோம், முகத்திலே களிம்பாகப் பூசுகிறோம். சருமமும் வயிறும் ஏற்றுக்கொண்ட ஒன்று நுரையீரலுக்குள்ளே நஞ்சாயிற்று.

அந்தப் பையன் மெச்சிக்கொண்ட ஊறவைத்தலிலும் ஒரு ரகசியம் இருக்கிறது. வெனிலாவின் வாசனைக்கு மூலமான வெனிலின், செர்ரியின் வாசனையைத் தரும் பென்ஸால்டிஹைடு முதலியவை, புரோப்பிலீன் கிளைக்காலோடு கூடி இருக்கும்போதே மெல்ல மெல்ல அதனோடு சேர்ந்து, அசிட்டால்கள் என்னும் புதிய சேர்மங்களாக மாறுகின்றன என்பதை 2018-ல் ரசாயன நிபுணர்கள் எடுத்துக்காட்டினர். அலமாரி இருட்டிலே இரண்டு வாரம் இருந்தபின் புட்டியில் இருப்பது, நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருப்பது அன்று. அளந்து கலந்தேன் என்ற ஒரே ஆறுதலும் அங்கே அவனை விட்டுப் போய்விடுகிறது.

புரோப்பிலீன் கிளைக்கால் என்ற பெயரைக் கேட்டாலே தமிழ்நாட்டிலே ஒருவன் சற்றுத் திடுக்கிடவேண்டும். 1970-களின் தொடக்கத்திலே சென்னையில் மருந்துப் பாகு ஒன்றைக் குடித்து 14 குழந்தைகள் மாண்டபோது, அதிலே கிளைக்காலின் இடத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை விஷம் புகுந்திருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல், தித்திப்பும் ஒன்றுபோல். அரை நூற்றாண்டு கழிந்து, 2025-ல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அம்மருந்திலே அதே விஷம் 48.6 சதவீதம் இருப்பதாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் வெளிப்பட்டது. லைசென்ஸும் சோதனைக் கூடமும் உடைய கம்பெனியிலே இது நேரக்கூடுமானால், தபாலிலே வந்த, பெயரொட்டு மட்டுமே சாக்ஷியாக உள்ள ஒரு புட்டியைக் கிளைக்கால் என்று நம்பி, துல்லியமாக நிறுத்துக் கலக்கும் பையனுடைய மின்தராசு என்ன செய்யும்? அது எடையைச் சொல்லும். இன்ன பொருள் என்று சொல்லாது.

நிகோடினைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. அசுவினிப் பூச்சி விழுந்த செடிக்குப் புகையிலையை ஊறப்போட்டுக் கஷாயம் தெளிக்கிற எந்தக் குடியானவனுக்கும் அது எப்படிப்பட்ட வஸ்து என்பது தெரியும். வீட்டிலே கலப்பவர்கள் வாங்கும் செறிந்த நிகோடின் திரவம் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கொண்டது. ஆக, 30 மில்லிப் புட்டியிலே 3,000 மில்லிகிராம். வயது வந்த ஒருவனுடைய உயிருக்கு ஒரு கிராம் வேண்டியிருக்கும் என்று மிகத் தாராளமான மதிப்பீட்டையே வைத்துக்கொண்டாலும், அந்தப் புட்டி மூன்று பேருக்குப் போதுமானது. தோலிலே பட்டாலும் ஊடுருவும். 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்திலே ஒரு வயதுக் குழந்தை ஒன்று இப்படிப்பட்ட திரவத்தை விழுங்கி இறந்தபின்தான், குழந்தைகள் திறக்கமுடியாத மூடி வேண்டும் என்று அமெரிக்கா 2016-ல் சட்டம் செய்தது. எங்கள் தெருப் பையனுடைய ஜன்னலோரத்துக்கு அவனுடைய அக்காள் குழந்தையின் கை எட்டும்.

நம்முடைய சட்டம் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். 2018 செப்டம்பரிலேயே தமிழக அரசு மின்சிகரெட்டைத் தடைசெய்தது. 2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, அவ்வருஷ டிசம்பருக்குள் அதைப் பாராளுமன்றத்தின் சட்டமாகவே ஆக்கிற்று. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கிச் சுவாசிக்க ஆவியாக்கும் மின்கருவியை உற்பத்தி செய்தலும், இறக்குமதியும், விற்பனையும், விளம்பரமும் குற்றம். முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரையில் சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உபயோகிப்பவனைத் தண்டிக்கவென்று தனிப் பிரிவு இல்லை. அது நியாயமென்றே நினைக்கிறேன், அந்தப் பையனைச் சிறைக்கு அனுப்புவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் கண் முழுவதும் கருவியின்மேல் விழுந்திருக்கிறதே தவிர, அந்தக் கருவிக்குள்ளே ஆளை இழுத்த வாசனையின்மேல் விழவில்லை. கருவியைத் தடுத்துவிட்டோம் என்ற திருப்தியிலே நாம் இருக்க, நசுக்கினால் புதினாவோ பழமோ மணக்கும் சிறு உருண்டையை வயிற்றில் வைத்த சிகரெட், பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்கு ஓரடி தள்ளி இருக்கும் பெட்டிக்கடையிலே, சட்டத்திற்கு முற்றிலும் உட்பட்டுத் தொங்குகிறது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளும் கூல் லிப் என்ற புதினா வாசனைப் புகையிலைப் பொட்டலம் பள்ளி மாணவரிடையே பரவியிருப்பதைக் கண்டு, 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே மனம் நொந்து, நாடு முழுவதும் இதை ஏன் தடைசெய்யலாகாது என்று கேட்கும்படி ஆயிற்று.

என் பாட்டனாருடைய பன்னீர் புகையிலைக்கும், கூல் லிப்புக்கும், மாம்பழ மேகத்துக்கும் ஒரே உபாயம். கசப்பான ஒன்றை, கசப்பு என்று தேகம் எச்சரிக்கும் முன்னரே உள்ளே கடத்திவிடுவதற்கு வாசனை வழித்துணையாகப் போகிறது. முதல் பீடியிலே இருமிக் கண்ணீர் விட்டு, இது நமக்கு வேண்டாம் என்று எறிந்துவிட்டுப் போன எத்தனையோ பேரை நான் அறிவேன். முதல் மாம்பழ மேகத்திலே இருமியவன் அபூர்வம். அமெரிக்கா 2009-லேயே புதினா வகை நீங்கலாக மற்ற வாசனைச் சிகரெட்டுகளை விலக்கியது. ஐரோப்பிய யூனியன் 2020 மே மாதத்தில் புதினாவையும் விலக்கியது. நாம் 2004-ல் ஏற்று உறுதிசெய்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. மின்சிகரெட்டைத் தடைசெய்யும் தைரியம் இருந்த சர்க்காருக்கு, உள்நாட்டுச் சிகரெட்டிலும் மெல்லும் புகையிலையிலும் நிகோடினோடு வாசனை சேரலாகாது என்று சொல்லும் தைரியமும் இருக்கவேண்டும். அது இல்லாதவரை, 2019-ஆம் வருஷத்துச் சட்டம் வெளிநாட்டுக் கருவிக்கு எதிராக உள்நாட்டு வியாபாரத்தைக் காப்பாற்றிய சட்டம் என்று விஷமிகள் பேசுவதற்கு நம்மிடம் விடை இருக்காது.

இதற்கு இரண்டு ஆக்ஷேபங்கள் வரும். ஒன்று, இங்கிலாந்து சர்க்காரே 2023-ல், சிகரெட்டை விடுவதற்காகப் பத்து லட்சம் பேருக்கு வேப் கருவி கொடுப்பதாக அறிவிக்கவில்லையா என்பது. அறிவித்தது, நாற்பது வருஷம் சிகரெட் ஊதியவனை அதிலிருந்து இறக்குவதற்கு ஏணியாக வைத்தது. அதே இங்கிலாந்துதான், பிள்ளைகள் கையிலே வண்ண வண்ணமாக அது திரிவதைக் கண்டு, 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து ஒருமுறை உபயோகித்து எறியும் கருவிகளைத் தடைசெய்தது. எங்கள் தெருப் பையன் எந்த மாடியிலிருந்தும் இறங்கவில்லை, அவன் ஏறிக்கொண்டிருக்கிறான். இரண்டாவது ஆக்ஷேபம் எனக்கு இன்னும் நெருக்கமானது: ஊதுபத்தியையும் சாம்பிராணியையும் கற்பூரத்தையும் முகர்ந்து வளர்ந்த ஊர்க்காரனா இதைப் பேசுவது என்பது. நியாயமான கேள்வி. சரகருடைய ஸம்ஹிதையிலேயே ஏலமும் அகிலும் குங்கிலியமும் சேர்த்துத் திரித்த வர்த்தியைப் புகைப்பது வைத்தியமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் இன்ன வேளை என்ற வரையறையும், அகாலத்திலும் அளவு மீறியும் புகைத்தவனுக்குச் செவிடும் குருடும் இரத்தப்போக்கும் மயக்கமும் வரும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கின்றன. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தி கொளுத்துவதும் நன்றன்று என்பதை நான் என் வீட்டிலே சொல்லி, கேட்பாரில்லாமல் போனவன்.

செய்யக்கூடிய, அதிகச் செலவில்லாத ஒரு காரியம் எனக்குத் தோன்றுகிறது. பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருக்கிறது என்று தெரிந்த மாத்திரத்தில், 2024 பிப்ரவரியில் அதன் விற்பனையைத் தமிழக அரசு நிறுத்திற்று. நாக்குக்குப் போகும் நிறத்தில் இவ்வளவு விழிப்போடு இருக்கும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள், அந்தப் பஞ்சுமிட்டாயின் வாசனை புட்டியிலிருந்து நுரையீரலுக்குப் போவதைக் கவனிக்க ஒரு வழி உண்டு. விற்பனையாகும் ஒவ்வோர் எசன்ஸ் புட்டியின்மேலும், தமிழிலே, படிக்கக்கூடிய எழுத்திலே, இது உண்ணும் பண்டத்தில் கலப்பதற்கு மட்டும், சூடாக்கிச் சுவாசிப்பதற்கு அன்று என்று அச்சிடச் செய்யவேண்டும். இதனால் வியாபாரிகளுக்கு மனவருத்தம் வரும் என்று அஞ்சவேண்டாம். அமெரிக்காவிலுள்ள வாசனைச் சாரத் தயாரிப்பாளர்களின் சங்கமே, தாங்கள் பத்திரமானவை என்று சான்றளித்த பொருள்கள் உணவில் உண்ணும்போது பத்திரமானவை என்றே சொன்னோம், மின்சிகரெட்டில் சுவாசிப்பதற்கு அந்தச் சான்று செல்லாது என்று பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. கலப்பவனுக்கு மட்டும்தான் இந்தச் செய்தி வந்து சேரவில்லை.

அந்தப் பையனிடம் பொரித் தொழிற்சாலையின் கதையைச் சொன்னேன். வெண்ணெய் எசன்ஸ் புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஓர் எழுத்தும் அதன்மேல் இல்லை. அதை மட்டும் தனியே எடுத்து வைத்தான். மற்றவை ஜன்னலோரத்திலேயே இருந்தன.

கோயில் வீதியிலே நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதரிடம் இந்த விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவருக்கு இது புதிய செய்தியாக இல்லை. ஒரு வருஷமாகவே சில வாலிபர்கள் வந்து, "அண்ணே, ஆயில் கலக்காத எசன்ஸ் இருக்கா?" என்று கேட்கிறார்களாம். எதற்கு என்று கேட்டால், கேக் செய்வதற்கு என்கிறார்களாம். கேக்கிலே எண்ணெய் இருந்தால் என்ன, தம்பி என்று இவர் திருப்பிக் கேட்டதற்கு, இதுவரையில் ஒருவரும் பதில் சொன்னதில்லையாம்.